டாக்டரம்மாவின் நேர்த்திக்கடன்

ஏட்டையா வாங்கிக் கொடுத்த காபி நன்றாக இருந்தது; சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். மோதிரத்தை நான் எடுத்தேனா என்று கேட்டார். எடுத்தேன். ஆனால் திருடவில்லை.

என் பெயர் கண்ணுச்சாமி. நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி ஆட்களுக்கு வைத்தியம் பார்க்கும் அயர்லாந்து டாக்டரம்மாவிடம், 1949லிருந்து இந்த ஒன்பது வருடமாகக் கம்பவுண்டர். மருந்து அரைத்து அரைத்து மணிக்கட்டில் வலி வந்ததுதான் மிச்சம். அம்மா விரலில் ஒரு தங்க மோதிரம். இரண்டு கைகள் ஒரு இதயத்தைத் தாங்கும். அதன் மேல் ஒரு கிரீடம். பார்த்த அன்றே விளங்கிவிட்டது. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நம் ஜனங்கள் கண் நோவுக்கு வெள்ளிக் கண்ணும் கால் நோவுக்கு வெள்ளிக் காலும் உண்டியலில் போடுவதில்லையா? அம்மாவுக்குக் கை, நெஞ்சு, தலை மூன்றிலும் நோவு. நேர்ந்துகொண்டு உருவமும் செய்தாகிவிட்டது, செலுத்தத்தான் மறந்துவிட்டார்.

கேட்டேன். சிரித்தார்.

“எங்க ஊர்ல கை நட்பு, இதயம் அன்பு, கிரீடம் விசுவாசம், கண்ணுச்சாமி. இதயத்தோட நுனி வெளியே பாத்தா மனசு காலி. என் பக்கம் பாத்தா ஆள் இருக்காருன்னு அர்த்தம்.”

நுனி அவர் பக்கம்தான் பார்த்தது.

“அதெல்லாம் இருக்கட்டும்மா. எம்புட்டு நாளா இதைச் செலுத்தாம வச்சிருக்கீக?”

நோயாளி நோயை ஒப்புக்கொள்வதில்லை. தொழிலில் இது எனக்குப் பழக்கம். சீமையிலிருந்து கடுதாசி வந்தால் அம்மாவுக்குக் கை நடுங்கும், படித்தால் பெருமூச்சு, வராவிட்டால் தலையைப் பிடித்துக்கொள்வார். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ஆடிக் கடைசி வெள்ளியன்று, புண்ணுக்குக் கட்டுப்போட அவர் கழற்றி வைத்த மோதிரத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கூட்டத்தில் இடிபட்டு உண்டியலில் போட்டேன்.

மறு மாதம், கடுதாசி எழுதும் அந்த மாப்பிள்ளைத் துரை கப்பலேறி வந்தார். வெறும் விரலைப் பார்த்தார். தொலைந்துவிட்டது என்று அம்மா அழுதார், அவர் நம்பவில்லை. நான் ஐந்தடி தள்ளி மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். செலுத்தியதை வெளியே சொன்னால் பலன் கெட்டுவிடுமே என்று வாயைத் திறக்கவில்லை. மறுநாள் துரை ரயிலேறிவிட்டார். அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

ஏட்டையா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “அவுக நோவுக்குப் போட்டேங்கிற. அவுகளுக்கு ஒண்ணும் தீரலையேப்பா?”

தீராதுதான். போடும்போது யாருக்காக என்று அம்மனிடம் பெயர் சொல்ல வேண்டும். டாக்டரம்மாவின் பெயரை நோயாளிகளிடம் நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறவன்தான் நான். அன்றைக்கு என்னவோ அது வாயில் நுழையவில்லை. அதனால் என் பெயரைச் சொல்லிவிட்டேன். என் மணிக்கட்டு வலி இப்போது சுத்தமாக இல்லை.