தராசில் இல்லாத பேட்டரி

காலை ஏழு நாற்பதுக்கு, மலைமேல் உள்ள சோளக்காடு நிறுத்தத்தில் பேருந்து ஏறினேன். முன் இருக்கையில் பெண் குழந்தையோடு இருந்த ஒரு தம்பதியின் மடிமேல், மிளகு நிறுக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசு கவிழ்ந்து கிடந்தது. பேட்டரி மூடி திறந்திருந்தது.

"ஏனுங்க, பொத்தான் பேட்டரியக் காணோமுங்க. பாப்பா முழுங்கிட்டாளோ?" என்றார் மனைவி.

"முழுங்குனா என்ன? அன்னிக்குக் காச முழுங்குனப்ப மலவாழப்பழம் குடுத்தோம், மறுநாளே வந்துருச்சுல்ல?" கணவர் பழத்தை உரித்தார்.

பக்கத்தில் சீருடையில் இருந்த நர்ஸ் அவர் கையைப் பிடித்தார். "அண்ணா, இது காசு இல்ல. தொண்டையில நின்னா ரெண்டு மணி நேரத்துலயே அரிச்சிரும். எதுவும் குடுக்காம பெரியாஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்க."

கணவர் எழுந்து கத்தினார். "டிரைவரண்ணே, எழுபது வளைவையும் ஒரே மூச்சுல எறக்குங்க!"

"ஏனுங்க, உங்க சட்டப்பையில என்னமோ மினுங்குதே?"

அவர் துழாவி எடுத்தார். "அட, சார்ஜ் போச்சுன்னு நாந்தான் கழட்டுனேன்."

"தராசுல ஒண்ணுதானே இருந்துச்சு?" என்றார் நர்ஸ்.

"ஒண்ணேதானுங்க."

"தீந்த பேட்டரியும் ஆபத்துதான். டேப்பு சுத்தி, எட்டாத எடத்துல வைங்க."

பாப்பா அதற்குள் நர்ஸின் பையிலிருந்து எடுத்த ஸ்கூட்டர் ரிமோட் சாவியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதிலும் ஒரு பொத்தான் பேட்டரி உண்டு.