எண்ணெய் போட்ட கேட்

சான்டா கிளாராவில் இந்தியன் கடை பில் வரிசை. எனக்கு முன்னால் நின்ற பெண், ஸ்பீக்கர் போனில் சென்னையிலிருக்கும் தம்பியிடம் சொன்னார்:

"நம்ம வீட்டு கேட் தொறக்கற சத்தத்த ரெக்கார்ட் பண்ணி அனுப்புடா."

"எதுக்குக்கா?"

"பாப்பாவுக்கு ஹோம்ஸ்கூல்ல மியூசிக் கிளாஸ் நான்தான் எடுக்கறேன். கண்ண மூடிட்டு ஒரு சத்தத்தக் கேட்டு, என்னன்னு கண்டுபிடிச்சு, அதே ஸ்ருதில பாடணும். குக்கர், மிக்ஸி, பக்கத்து வீட்டுல புல்லு வெட்டற லான்மோவர் எல்லாம் முடிச்சிட்டா."

அவருடைய தள்ளுவண்டியைப் பிடித்திருந்த சிறுமி மிக்ஸியைப் பாடிக் காட்டினாள்.

"அதுக்கு நம்ம வீட்டு கேட் எதுக்கு?"

"அப்பா ஆபீஸ்லேருந்து வந்து தொறப்பாரே, அந்தக் கிறீச்சுக்குத்தான் நான் 'ஸா' பிடிப்பேன். சரியா வரலைன்னா வாசல்லயே நின்னு இன்னொரு தடவ ஆட்டுவாரு. ஞாபகம் இருக்கா?"



"அப்பா போனப்புறம் அந்தச் சத்தம் கேட்டாலே தாங்க முடியலக்கா. எண்ணெ போட்டுட்டேன்."

வரிசை நகர்ந்தது. அவர் நகரவில்லை.

"பரவால்லடா. இனிமே போடாத. மழைல நனைஞ்சு துருப் பிடிக்கட்டும்."