எறும்பு அனுப்பிய கோடு

சுமைரா: பேரெல்லாம் சரியாத்தான் இருக்கு சபரிண்ணே. அச்சடிக்கச் சொல்லிருங்க.

சபரி: இன்னொருக்கா பாரு. வெடி லேபிள் ஆர்டர நிறுத்திட்டு ஒன் கல்யாணப் பத்திரிகையத்தான் எங்க அப்பா பிரஸ்ஸுல ஓட்டப் போறாரு. தப்பு வந்தா ஒங்க அண்ணன் தவுபிக் என்னைய உரிச்சிருவான்.

சுமைரா: உரிப்பான், உரிப்பான்! ரெண்டு பேரும் கேம் சர்வர் எளுதுறோம்னு எங்க வீட்டு டீயக் குடிச்சே தீத்தீகளே...

சபரி: ஏய், அதுல எம்புட்டு பேரு சேந்து வெளையாடுனாக தெரியுமா? ஒத்தப் பைசா வாங்கல. எளுதுன புரோகிராம் கோடையும் நெட்டுல தெறந்து வச்சோம். யாரு வேணாலும் திருத்தி அனுப்பலாம்னு...

சுமைரா: யாரு வேணாலுமா?

சபரி: ...ஆமா.

சுமைரா: நாப்பது பேரு சேந்தா சர்வர் நின்னு போகும்ல. அத யாரு சரி பண்ணுனா?

சபரி: நான்தான். அதக் காட்டித்தான பெங்களூருல வேலை கெடச்சுச்சு. இப்ப எதுக்கு அது? அட்டை பச்சையா, வெள்ளையா?

சுமைரா: 'எறும்பு'ன்னு ஒரு ஆளு அதச் சரி பண்ணுற கோட எளுதி ஒங்களுக்கு மெயில் அனுப்புச்சுல்ல?

சபரி: எத்தனையோ பேரு அனுப்புவாக...

சுமைரா: 'இது ஒத்து வராது'ன்னு ஒத்த வரியில பதில் போட்டீக. மூணு வாரங் கழிச்சு அதே கோடு, புள்ளி மாறாம, ஒங்க பேருல ஏறிருக்கு.

சபரி: சுமைரா...

சுமைரா: நான்தாண்ணே எறும்பு. தவுபிக் கடைக்குப் போனதும் அவன் கம்ப்யூட்டர்ல பதினோரு நாளு உக்காந்தேன்.

சபரி: அப்பவே வந்து கேட்டிருக்கலாம்ல?

சுமைரா: என்னன்னு கேக்க? ஏறுனதே போன மாசந்தான் பாத்தேன். எம்.சி.ஏ. சேரணும்னு அத்தாகிட்ட கெஞ்சிட்டு இருந்த நேரம் அது. அதுல என் பேரு வந்தா காட்டலாம்னு நெனச்சேன். ஒங்க பதில் வந்துச்சு... சரி, நமக்கு இது வராதுன்னு விட்டுட்டேன். ரெண்டு வருசம் ஆச்சு.

சபரி: இன்னைக்கே மாத்திர்றேன். ஒன் பேரப் போட்டுர்றேன்.

சுமைரா: போட்டு? யாருகிட்ட காட்ட? ஐயோ, அளாதீங்கண்ணே. ஆளுக பாக்குறாக... யாரோ ஒரு ஆளுன்னுதான நெனச்சீக. நம்ம சுமைரான்னு தெரிஞ்சிருந்தா செஞ்சிருப்பீகளா?

சபரி: ஒங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருந்துதான் மெயில் வந்துச்சுன்னு அன்னைக்கே பாத்துட்டேன். தவுபிக்குக்கு அம்புட்டு எளுத வராது... நீன்னு தெரிஞ்சுதாம்மா செஞ்சேன். நீ வந்து கேக்க மாட்டேன்னு.