போனை எடுக்க ஒரு ஆள்

எனக்கு நன்றாக எழுத வராது, மறதியும் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். உழவர்கரை பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு முஸ்லிம் அம்மாவும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஒரு பெரியவரும் பேசிக்கொண்டு வந்தார்கள். அந்த அம்மாவின் மகன் வேலை பார்க்கும் அரபு நாட்டில் ஜனங்கள் அரசாங்கத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கிவிட்டார்களாம். ஒன்பது நாளாக அவனிடமிருந்து பேச்சில்லை.

“வெளிநாட்டுக்காரன் பட்டாளத்த அனுப்பணும்மா. ஒரே வாரத்துல அடங்கிடும்.”

“நீங்க பட்டாளத்தோட போன ஊரெல்லாம் அடங்கிடுச்சா, முசே?” பிரெஞ்சுக்காரர்கள் ‘ஐயா’ என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

பெரியவர் சிரித்துவிட்டார். “சரி, வேற என்னதான் செய்யணுங்கிற?”

“ஒண்ணும் செய்ய வேணாம். கலாட்டான்னதும் எந்த நாட்டுக்காரனும் எம்பசிய பூட்டிட்டு ஓடாம இருந்தா போதும். போனை எடுக்க ஒரு ஆளு உக்காந்திருக்கட்டும்.”

“எடுத்தா என்ன கேப்ப?”

“எதுவும் கேக்க மாட்டேன். எம் புள்ள பேரு ஜாகீர்னு சொல்லுவேன். அந்த ஆளு எழுதிக்குவாருல்ல?”



வீட்டுக்கு வந்ததும் அந்தப் பேரை எழுதி வைத்தேன். நாடு சூடானா, ஏமனா என்பதுதான் மறந்துபோனது. தெரிந்தவர்கள் விசாரித்துச் சொல்லுங்கள். அங்கே எம்பசி திறந்திருக்கிறதா என்றும்.