இன்ஜின் இல்லாத விமானம்

செங்கம் ரோட்டில், கிரிவல மலையின் அடிவாரத்தில், பஸ்சுக்கு நின்றிருந்தேன். வெகுகாலமாக இங்கேயே இருக்கிற வெள்ளைக்காரப் பெரியவர் பூக்காரம்மாவிடம் தமிழில் பேசியது காதில் விழுந்தது.

“தாத்தா காலத்துலேர்ந்து எங்க வீட்ல இன்ஜின் இல்லாத விமானம் செய்யறோம்மா.”

“இன்ஜின் இல்லாமலா? எப்படிங்க பறக்கும்?”

“காத்துலயே மிதக்கும். வீட்டு ஆள் ஒருத்தர் முதல்ல பறந்து காட்டினாத்தான் விப்போம். தம்பிதான் பறப்பான். போன மாசம் செத்துட்டான். அவன் கடைசியா செஞ்சது அப்படியே நிக்குது. அதைப் பறந்து காட்ட என்னைக் கூப்பிடறாங்க.”

“போய்ட்டு வாங்களேன்.”

“உயரம்னா பயம்மா. அந்தப் பயத்துலதான் அப்பவே வீட்டை விட்டு, விமானம் ஏறாம, தேசம் தேசமா பஸ் மாறி மாறி இங்க வந்தேன். அப்பா அப்புறம் பேசவேயில்ல.”

“இந்த மலைமேலயாவது ஏறியிருக்கீங்களா?”

“இல்லம்மா. சுத்தி மட்டும்தான் வருவேன்.”

பூக்காரம்மா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

“தம்பியும் போன்ல இதையே கேட்டுச் சிரிப்பான்,” என்றார்.