பிந்தி விழும் கை

உட்காருங்கள் மாப்பிள்ளை. அந்த நாற்காலி ஒரு பக்கம் ஆடும், சாய்ந்துவிடாதீர்கள். கல்யாணப் பேச்சு முறிந்த பிறகும் மாப்பிள்ளை என்று கூப்பிடலாமா, தெரியவில்லை, வாய் பழகிவிட்டது. என் தங்கை உங்களை வேண்டாம் என்றதற்குக் காரணம் கேட்டு வந்திருக்கிறீர்கள். காரணம் நான்தான். சத்தம் போட வேண்டாம், அவள் பக்கத்து அறையில் தூங்குகிறாள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் பாட்டு செய்கிறேன். தாளத்தை நான் போடுவேன். கீபோர்டில் கார்ட்ஸ், அதாவது பல சுரங்களைச் சேர்த்து அழுத்துவது, வாசிப்பது அவள். அவள் வாசிப்பில் ஒரே குறை, பிசகவே மாட்டாள். ட்ரம் விழும் அதே நொடியில் அவள் விரலும் விழும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துகொண்டால் பாட்டு விறைத்துப்போகும். கார்ட்ஸ் ஓர் இழை பிந்த வேண்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் அல்ல. மௌஸால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். உயிர் வரவில்லை. பாட்டு வாங்குகிறவர், "எல்லாம் சரியாத்தான் இருக்கு சார், ஆனா ஆடத் தோணலயே" என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். வெறுத்துப்போய் அழுதிருக்கிறேன்.

ஒருநாள் ஒரு தவறு செய்தேன். வேறொரு பாட்டுக்காக, அவள் மாட்டிக்கொள்ளும் ஹெட்போனுக்குப் போகும் தாளத்தில் கொஞ்சம் தாமதம் வைத்திருந்தேன். அதை எடுக்க மறந்துவிட்டேன். அவள் காதில் மட்டும் ட்ரம் பிந்திக் கேட்டது. கேட்டதற்குச் சரியாகத்தான் வாசித்தாள். ஆனால் திரும்பப் போட்டுக் கேட்டபோது எல்லாமே தாளத்துக்குப் பின்னால் விழுந்திருந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணா, நான் சரியாத்தானே வாசிச்சேன்?"

அப்பாவைப் பற்றிச் சொல்லியிருப்பாள். அவருக்கும் முதலில் கைதான் பிந்தியது. சட்டைப் பொத்தானில் ஆரம்பித்து, கடைசியில் எங்களையே அடையாளம் தெரியாமல் போனார். பிள்ளைகளுக்கும் வரலாம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவள் தன் விரல்களைத் தானே வேவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் முகம் கழுவப் போனபோது தவறு என் கண்ணில் பட்டது. மௌஸை ஒரு தட்டுத் தட்டினால் தீர்ந்தது. வந்ததும் சொல்லிவிடத்தான் இருந்தேன், சத்தியமாக. அதற்குள் அவளே வந்து உட்கார்ந்து, "இன்னொரு தடவ எடுக்கலாம்ணா" என்றாள். தாமதம் அப்படியே இருந்தது.

அந்த வாசிப்பை நீங்கள் கேட்க வேண்டும். பயந்த கை. ஒன்றைத் தயங்கித் தயங்கி வைக்கிறாள், அடுத்ததில் சூடு பட்டவள்போலக் கையை எடுத்துவிடுகிறாள். தாளமும் கார்ட்ஸும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நடந்தன. என் கால் தானாக ஆடியது. ஐயோ, இது இத்தனை நாள் எங்கே இருந்தது என்று தோன்றியது.

அந்தப் பாட்டு விலைபோயிற்று. அதே மாதிரி இன்னொன்று கேட்டார்கள். நான் என்ன செய்ய? பாட்டுக்குப் பாட்டு தாமதத்தைக் கொஞ்சம் கூட்டினேன். பயம் பழகிவிட்டால் கை மறுபடி நேராகிவிடும் அல்லவா.

"டாக்டர்கிட்ட காட்டிடலாமாண்ணா?" என்று அவள் கேட்கத்தான் செய்தாள்.

"தெரிஞ்சிக்கிட்டு என்னம்மா பண்ணப்போற?" என்றேன். அதுவும் நியாயமான கேள்விதானே.

உங்களை மறுத்த அன்று காலை என் முன்னால் இரண்டு கையையும் நீட்டினாள். "மறைக்காம சொல்லு. அப்பாவுக்கு ஆன மாதிரிதானே ஆகுது?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஒரு பாட்டு பாதியில் நின்றிருந்தது. "ஆமாம்மா" என்றேன்.

"அப்ப அவர் தலையில என்னைக் கட்ட வேண்டாம்ணா" என்றவள், உடனே உங்களுக்குப் போன் செய்தாள். அவளுக்கு உங்கள்மேல் குறை எதுவும் கிடையாது. அதைச் சொல்லத்தான் உங்களை உட்கார வைத்தேன்.

இல்லை, அவளை எழுப்பாதீர்கள். நேற்று நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு கதை விடாதண்ணா" என்று என் தலையைக் கோதிவிட்டாள். தாமதத்தை முழுக்க எடுத்துவிட்டு, ஹெட்போனும் இல்லாமல், ஸ்பீக்கரில் தாளம் போட்டு வாசிக்கச் சொன்னேன். அப்போதும் கை பிந்தித்தான் விழுந்தது. இன்று காலை டம்ளரைக் கூட இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தாள்.

யோசித்துப் பார்த்தால் மாப்பிள்ளை, அன்று காலை நான் அவளிடம் ஆமாம் என்றது பொய்யே இல்லை.