நேராக்கப்பட்ட கிட்டார்

கிட்டார் வாங்குகிறவர்கள் முதலில் கழுத்தைப் பார்க்க வேண்டும். உடம்பின் நிறத்தில் மயங்குகிறவன் ஏமாந்து போவான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீளவாக்கில் பார்த்தால், அது வளைந்திருக்கிறதா முறுக்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் கிட்டாரைத் தாராளமாகப் பார்க்கலாம்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை, ஜாவீத் தம்பி. ஓசூரில் கிட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர் நீங்கள். எங்களோடு வாசிக்கும் சுகுணா உங்களிடம் சர்வீசுக்குக் கொடுத்த பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் பிடித்து, தர்மபுரியில் என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டைத் தேடி வந்திருக்கிறீர்கள். கிட்டாரை மேசைமேல் கிடத்திவிட்டு, “இதோட கழுத்துல கை வெச்சது யாருங்க?” என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. டீயைக் குடியுங்கள், ஆறிவிடும். எல்லாவற்றையும் சொல்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது.

நான் நாகாவதி இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன். குழு தஸ்தகீர் பாயுடையது. ஸ்பீக்கர் செட்டும் அவருடையது, வேனும் அவருடையது, கோபமும் அவருடையது. எங்களைப் போன்ற சின்னக் குழுக்களில் பேஸ் கிட்டாருக்கென்று தனியாக ஆள் வைப்பதில்லை. கீபோர்டுகாரனின் இடது கைதான் அந்த வேலையைப் பார்க்கும். வலது கை புல்லாங்குழலாகவும் வயலினாகவும் வேஷம் மாற்றிக்கொண்டிருக்க, இடது கை கீழ்க்கட்டைகளில் தும் தும் என்று பாட்டைச் சுமந்துகொண்டு நடக்கும். கல்யாண வரவேற்பில் பந்தியில் உட்கார்ந்திருப்பவரின் கால் தானாக ஆடுகிறதென்றால், அது பாடகிக்காக அல்ல, என் இடது கைக்காக. அரூரிலிருந்து பென்னாகரம் வரைக்கும் அதற்கு ஆடாத ஊர் இல்லை. அதை யாரும் கவனித்ததில்லை என்பது வேறு விஷயம். போட்டோ எடுப்பவர்கள் வலது கைப் பக்கம்தான் நிற்பார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் சுகுணா வந்தாள். மாம்பழக் கூழ் ஆலையில் லேப் வேலை. செல்போனில் பார்த்துப் பார்த்தே பேஸ் கற்றுக்கொண்ட பெண். யாரிடமோ இரவல் வாங்கிய கிட்டாரோடு பாய் வீட்டுக்கு வந்து வாசித்துக் காட்டினாள். பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வாசித்து முடித்ததும் அவர் என் தோளில் கை போட்டார்.

“நவநீ, இனிமே உன் லெஃப்ட் கைக்கு ரெஸ்ட்டுப்பா. பாவம், எத்தினி வருசமா ஒழைச்சுக்குனு கெடக்குது.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அன்றைக்கு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, என் இடது கை தட்டுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. சாப்பிடும்போது எல்லோருடைய இடது கையும் சும்மாதான் கிடக்கும் என்று தெரியும். இருந்தாலும் அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். பொறாமை எனக்கு வராது.

இரவல் கிட்டாரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும் என்று சுகுணா என்னிடம்தான் வந்தாள்.

“அண்ணா, எனக்கு எது வாங்கறதுன்னே தெரியலீங்க. வெலை கம்மியா, நல்லதா ஒண்ணு நீங்களே பாத்துச் சொல்லுங்கண்ணா.”

நம்பி வந்தவளுக்காக நான் உண்மையாகவே உழைத்தேன். எத்தனையோ கிட்டார்களைப் பற்றிப் படித்தேன். மலிவான பேஸ் என்றால் எதைப் பார்க்க வேண்டும் என்று இப்போது என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பாரம் தோளை அழுத்தக் கூடாது. முறுக்காணி தளரக் கூடாது. பேட்டரி போடும் வகை என்றால் மேடையில் பேட்டரி தீர்ந்து மானத்தை வாங்கும், ஆகவே புதிதாக வாசிக்கிறவர்களுக்குப் பேட்டரி இல்லாததே உத்தமம். எல்லாவற்றுக்கும் மேலே, வாசிக்கிறவரின் கைக்கு ஏற்ற நீளம் வேண்டும். சுகுணா குள்ளம், விரல்களும் சின்னவை. டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுக்கிறவன் நான். ஒரு கையைப் பார்த்தால் அதற்கு எந்த எழுத்து எட்டாது என்று சொல்லிவிடுவேன். அவளுக்குப் பொருத்தமானது நீளம் குறைந்த, நாலு தந்திக் கிட்டார். விலையும் கம்மி. அது எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஆகையால் அதை அவளிடம் சொல்லவில்லை.

மல்டிஸ்கேல் வாங்கச் சொன்னேன். அதிலும் ஐந்து தந்தி உள்ளதாக.

மல்டிஸ்கேல் நல்ல கருவிதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தந்திக்கும் ஒவ்வொரு நீளம். தடித்த தந்திக்கு நீளம் அதிகம், மெல்லியதற்குக் குறைவு. தடித்த தந்தி தொளதொளக்காமல் விறைப்பாக நிற்பதால், அடியாழத்திலும் சுரம் சுத்தமாகக் கேட்கும். அதற்காகத்தான் கழுத்தில் குறுக்கே பதிக்கும் உலோக ஃப்ரெட்டுகளை நேராகப் பதிக்காமல், விரித்த விசிறி மாதிரி சாய்த்துச் சாய்த்துப் பதிக்கிறார்கள். ஒரு காலத்தில் பணக்காரர் சமாசாரம். இப்போது எங்களைப் போன்றவர்களுக்கும் எட்டுகிற விலையில் வருகிறது. ஆனால் அந்தத் தடித்த தந்தியின் கோடியை எட்டிப்பிடிக்கக் கை நீளம் வேண்டும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி சொல்வார்கள். இவளுக்கு ஆடத் தெரிந்திருந்தது. ஆகவே நான் கூடத்தைக் கோணலாகப் பார்த்து வாங்க வைத்தேன்.

அவள் தடுமாறுவாள், அலுத்துப்போய் விட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதில் வன்மம் எதுவும் இல்லை. சின்ன வயசு, வேறு எதையாவது கற்றுக்கொள்ளலாம். தபேலா கூட நல்லதுதான்.

கொஞ்ச நாள் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

“அண்ணா, மொதல்ல கஷ்டமாத்தானுங்க இருந்துச்சு. அப்பறம் பாத்தா, கை தானா எந்தப் பக்கம் சாயுதோ, அந்தப் பக்கமே இதுவும் சாயுதுங்க. எனக்குன்னே தேடிச் சொல்லியிருக்கீங்கண்ணா.”

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று சொன்னவன் கையில் கிடைத்தால் அன்றைக்கு இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். அவள் வாங்கி வந்த பால்கோவாவை வாங்கிக்கொண்டேன். இனிப்பாகத்தான் இருந்தது.

முதல் கச்சேரி, பாலக்கோட்டுப் பக்கம் ஒரு மாரியம்மன் பண்டிகைக்கு. கச்சேரிக்கு முந்தின நாளே கருவிகளையெல்லாம் பாய் வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிடுவது எங்கள் வழக்கம். சுகுணாவும் தன் கிட்டாரைப் பையோடு வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். பாய் ஆசையாகப் பையைத் திறந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

“என்னப்பா இது, குறுக்குக் கம்பி ஒண்ணுகூட நேரா இல்ல. தொப்பூர் கணவாய்ல லாரி எங்கியோ சாஞ்சிருக்கும், லோடு மேல வுழுந்து நசுங்கியிருக்குது பாரு.”

எங்கள் ஊரில் பீரோவில் ஒடுக்கு விழுந்தாலும், டஜன் முட்டையில் ஒன்று உடைந்தாலும், முதல் சந்தேகம் தொப்பூர் மேல்தான் விழும். பாய்க்கு ஸ்பீக்கர் தெரியும், பாட்டுத் தெரியும். மல்டிஸ்கேல் தெரியாது. அவர் தெரிந்துகொள்ள நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த வாக்கியம் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. நான் கழுத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, “ஆமாங்க பாய்” என்றேன்.

“வூட்ல போட்டு வெச்சா ஆவாது. நாளைக்குக் காலைல எங்கியாச்சும் குடுத்து நேராக்கிக் கொண்டாந்துரு நவநீ. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாத. ஆசையா வாங்கினது, மனசு ஒடஞ்சிரும்.”

பாருங்கள், அவளிடம் சொல்ல வேண்டாம் என்று சொன்னதும் பாய்தான்.

மறுநாள் காலையில் நல்லம்பள்ளியில் தச்சு வேலை பார்க்கும் மாயவனிடம் கொண்டு போனேன். கதவு, நிலை, கட்டில் செய்கிறவர். கிட்டாரை அதற்கு முன்னால் அவர் தொட்டதில்லை. அதனால்தான் அவரிடம் போனேன்.

“கோணலா இருக்கறத நேராக்கணும், அவ்வளவுதானுங்களே?” என்றார்.

“அவ்வளவுதான்” என்றேன்.

குறடால் ஒவ்வொரு ஃப்ரெட்டாகப் பிடுங்கினார். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் வெளியே வரும்போது சின்னதாக ஒரு சத்தம். மாயவன் கை நிதானமான கை, மரத்தில் ஒரு சிலும்புகூட எழும்பவில்லை. பிடுங்கிய இடங்களில் மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்து, தேய்த்து, வார்னிஷும் ஒரு கை பூசினார். பிறகு அளவுகோலை எடுத்துக்கொண்டு, “குறுக்குக் கம்பி பதிக்க நேரா காடி வெட்டிறட்டுங்களா?” என்று கேட்டார். வேண்டாம், பசை நன்றாகக் காயட்டும், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவசர வேலை எனக்குப் பிடிக்காது. தவிர, சாயங்காலம் கச்சேரி.

மேடைக்குப் பின்னால் சுகுணா பையைத் திறந்தாள். கழுத்தைத் தடவிப் பார்த்தாள். மேலும் கீழும் தடவினாள்.

“அண்ணா, இது என்னங்கண்ணா?”

“பாய் நேராக்கச் சொன்னாரும்மா” என்றேன். அது சத்தியமான உண்மை. இந்த விவகாரத்தில் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அந்த “ஆமாங்க பாய்” ஒன்றைத் தவிர.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். “அல்லாவே, நேராக்கத்தானே சொன்னேன்” என்று முனகினார். சுகுணா ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதாள். முகத்தை மூடிக்கொள்ளக்கூட இல்லை. என் வலது கை அவளுக்குத் தண்ணீரை எடுத்து நீட்டியது, தம்பி. அதே நேரம் என் இடது கை விரல்கள் ஒன்றையொன்று நீவிக்கொண்டன. இரண்டும் நடந்தது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

“அழுவாத சுகுணா. இன்னிக்கி ஒரு நாள் நான் லெஃப்ட் கையில பாத்துக்கறேன்” என்றேன். அந்த வார்த்தையைச் சொல்வதற்காகத்தான் அத்தனையும் செய்தேன் என்று அதைச் சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது.

அவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கழுத்தையே பார்த்தாள். கறுத்த மரத்தில் மாயவனின் பசை வெளுப்பாகக் காய்ந்து, ஃப்ரெட் இருந்த இடமெல்லாம் சாய்ந்த கோடுகளாகத் தெரிந்தது. கோட்டின்மேல் விரலை வைத்துத் தந்தியை மீட்டிப் பார்த்தாள். சுரம் சரியாக நின்றது. அடுத்த கோட்டுக்கு விரலை எடுக்காமல் வழுக்கிக்கொண்டு போனாள். கோட்டை மறைக்கச் சொல்ல மறந்துவிட்டேனே என்று இருந்தது.

அன்றைக்கு முதல் பாட்டு அம்மன் பாட்டு. ஃப்ரெட் தடுக்காததால் அவள் வாசித்த சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று வழிந்து போயின, நாதசுரக்காரர் இழைப்பது போல. நடுநடுவே கொஞ்சம் பிசகியது. அந்தப் பிசகும்கூட அழகாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மாவிளக்குத் தட்டோடு கோயிலுக்குள் நுழையப் போன பெண்கள் திரும்பி நின்று கேட்டார்கள். பிழையாகக் கேட்டது என் வலது கை மட்டும்தான். முடிந்ததும் பாய் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“கள்ளப் பய. நான் ஒண்ணு சொன்னா, நீ மனசுல ஒண்ணு வெச்சுக்குனுதான் இந்த மாதிரி செஞ்சு கொண்டாந்திருக்கற.”

மறுக்கவில்லை. வாஸ்தவத்தில் அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மேடையிலும் சுகுணா மைக்கில் சொல்கிறாள், “இந்த கிட்டாரு நவநீதன் அண்ணன் ஐடியாங்க” என்று. கை தட்டுகிறார்கள். நான் எழுந்து கும்பிடுகிறேன். திட்டியிருந்தால் தேவலை. அந்தக் கைதட்டல் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று குத்துகிறது. இப்போதுதான் முதன்முறையாக இடது கைப் பக்கம் நின்றும் போட்டோ எடுக்கிறார்கள். அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள்.

பசை ஓரிடத்தில் பெயர்ந்து வந்ததால் உங்களிடம் கொண்டு வந்திருக்கிறாள். யார் செய்தது என்று கேட்டதற்கு, “எங்க அண்ணனைக் கேளுங்க” என்று என்னிடமே அனுப்பியும் இருக்கிறாள். ஆக, உங்கள் கேள்விக்குப் பதில். பிடுங்கியது மாயவன். பிடுங்க வைத்தது நான். அவளுக்குப் பொருந்தாததைத் தேடிப் பிடித்து வாங்க வைத்ததும் நான். இரண்டும் தெரியாமல் நடந்ததல்ல. நினைத்துத்தான் செய்தேன். அந்தப் பெண் என் காலடியில் வைத்த நம்பிக்கையை நான் மிதித்தேன். பொறாமைதான். சொல்லிவிட்டேன், மனசு லேசாக இருக்கிறது. நான் திருந்திவிட்டேன், தம்பி.

பசையைச் சுரண்டிவிட்டு மெல்லிய மரத் தகடு பதித்தால் ஆயுசுக்கும் அசையாது, நாளைக்கே முடித்துக் கொடுத்துவிடலாம் என்கிறீர்கள். சந்தோஷம். நல்லபடியாகச் செய்யுங்கள். ஆனால் அவ்வளவு அவசரம் எதற்கு. மரம் பதிக்கிற வேலை, நிதானமாகக் காய வேண்டும். வருகிற மாசியில் தீர்த்தமலையில் எங்களுக்குக் கச்சேரி இருக்கிறது, பெரிய கூட்டம் வரும். அது முடிகிற வரைக்கும் கிட்டார் உங்கள் கடையிலேயே பத்திரமாக இருக்கட்டும். சுகுணாவிடம் நான் பக்குவமாக எடுத்துச் சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு மட்டும் பேஸுக்கு யாரைப் பிடிப்பது என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். என் இடது கை சும்மாதான் இருக்கிறது.